வண்ணக் கண்ணாடி போட்டால் வாசிப்பு வந்துவிடாது

“டிஸ்லெக்சியா (வாசிக்கவும் எழுத்துக்கூட்டவும் சிரமப்படுத்தும் கற்றல் குறைபாடு) கண் கோளாறுதான், வண்ணக் கண்ணாடி போட்டால் பிள்ளை சரளமாக வாசிக்கும்” என்று ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

சிக்கல் கண்ணில் இல்லை. எழுத்தை ஒலியோடு சேர்க்கும் மூளையின் வேலையில் இருக்கிறது. வண்ண லென்ஸ் பலன் தரும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கமும் கண் மருத்துவர் சங்கமும் 2009-லேயே கூட்டாகச் சொல்லிவிட்டன. பார்வைக் குறை இருந்தால் கண்ணாடி தேவைதான், அது வேறு விஷயம்.

வகுப்பில் கைகொடுப்பது முறையான எழுத்து-ஒலிப் பயிற்சி. ‘படம்’ என்பதை ப, ட, ம் என்று பிரித்துச் சொல்லவைத்து, ஒவ்வொரு ஒலிக்கும் ஓர் எழுத்தட்டையை நகர்த்தச் சொல்லுங்கள். அவசரப்படுத்த வேண்டாம். தேர்வில் கூடுதல் நேரம் கொடுங்கள். அப்புறம், தயவுசெய்து, முன்னறிவிப்பில்லாமல் எழுப்பி எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொல்லாதீர்கள். வாசிக்க வேண்டிய பத்தியை முந்தின நாளே கொடுத்துவிடுங்கள்.