கெப்பைக் கொடுத்து ஹைபிரிட் எடுத்தேன், கூடவே பாதையைப் பற்றியும் பேச வேண்டும்

டபுள் கெப்பை (பின்னால் சாமான் ஏற்றும் தட்டுள்ள நாலு கதவு வண்டி) கொடுத்துவிட்டு, பெற்றோல் இஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் காரான டொயோட்டா அக்வா எடுத்ததிலிருந்து கொட்டகலைப் பக்கம் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "மலையில இருந்துகிட்டு இதைப் போய் ஏன் எடுத்தீங்க?" அக்கறையில் கேட்கிறார்கள், தெரியும். ஆனால் கடை வாசலில் நின்றபடி இரண்டு வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

கெப்பை நான் ஆசைக்கு வாங்கவில்லை. மெயின் ரோட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குள் எங்கள் பிரிவுக்கு, அதாவது டிவிஷனுக்கு, ஏறுகிற பாதைக்காக வாங்கினேன். கார் வாங்கக் காசு இருந்தாலும் கார் வைத்திருக்க முடியாத பாதை அது. மழைக்காலத்தில் தண்ணீர் பாதையின் நடுவை அறுத்துக்கொண்டு ஓடும், பிறகு கல் மட்டும் மிஞ்சும். மலையகத்தில் கெப் வைத்திருக்கும் பலருடைய கதை இதுதான். கொழும்பில் இருப்பவர் கெப் வாங்கினால் அது அவருடைய விருப்பம். தோட்டத்துக்குள் இருப்பவர் வாங்கினால், பாதை போட வேண்டியவர்கள் போடாமல் விட்டதற்கு அவர் மாதாமாதம் டீசலில் பணம் கட்டுகிறார். நான் முக்கியமாகச் சொல்ல வருவது இதைத்தான். மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான் வரும்.

சரி, அப்படியானால் இப்போது ஏன் மாற்றினேன்? எங்கள் பாதையில் பெரும்பகுதிக்கு ஒருவழியாகக் கொங்கிரீட் போட்டார்கள். அதோடு, கெப்பில் ஏற்றச் சுமையும் இல்லாமல் போனது. முன்பு கோவா, லீக்ஸ், கரட் என்று போட்டு நுவரெலியாப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு நாங்களே ஏற்றிப் போவோம். 2021 இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள். அந்த வருடக் கடைசியிலேயே தடையை எடுத்தாலும், நாங்கள் வாங்கிப் போடக்கூடிய விலைக்கு உரம் திரும்பவில்லை. நுவரெலியா மாவட்டத்து மரக்கறி விவசாயிகள் பட்ட பாட்டை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நாங்கள் பயிரைச் சுருக்கிவிட்டோம், இப்போது வீட்டுத் தேவைக்கு மட்டும்தான். என் கடைச் சாமானும் லொறியில் வாசலுக்கே வந்து இறங்குகிறது. யோசித்துப் பார்த்தால், இரண்டு தொன்னுக்குக் கிட்ட எடையுள்ள வண்டியில் நான் ஒருத்தன் உட்கார்ந்து வங்கிக்கும் ஹட்டனில் பிள்ளையின் பாடசாலைக்கும் போய் வந்துகொண்டிருந்தேன்.

அதற்கு மேல் 2022 வந்தது. அந்த ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீட்டர் 470 ரூபா, ஒட்டோ டீசல் 460 ரூபா. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. ஜூலையில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்து, காருக்கு வாரம் 20 லீட்டர் என்று அளந்து கொடுத்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கையில் எவ்வளவு காசு இருக்கிறது என்பது பிறகு. அந்த 20 லீட்டரில் ஒரு வண்டி 180 கிலோமீற்றர் போகும், இன்னொரு வண்டி 360 போகும். வீட்டில் நோயாளி இருப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரியது. 2023 செப்டெம்பரில் கியூஆரை எடுத்துவிட்டார்கள், விலையும் இறங்கியது. 2025 முழுக்கப் பெற்றோல் 300 ரூபாவை ஒட்டியே நின்றது. ஆனாலும் அந்த வரிசைகளில் குளிரில் இரவைக் கழித்தவர்களுக்கு, அப்படி ஒரு காலம் இனி வராது என்ற நம்பிக்கை வரவில்லை. எனக்கும் வரவில்லை.

கணக்கு கேட்கிறவர்களுக்கு: என் கெப் 2.5 லீட்டர் டீசல். மலை ஏறி இறங்கினால் லீட்டருக்கு 9 கிலோமீற்றர் ஓடும். அதே பாதையில் அக்வா 18 ஓடுகிறது. 2011 இல் அக்வா வெளிவந்தபோது ஜப்பானியச் சோதனை முறைப்படி சொன்ன கணக்கு 35.4. அந்த எண்ணை நம்பி மலையகத்தில் யாரும் ஹைபிரிட் வாங்க வேண்டாம், இந்த ஏற்றங்களில் அது கிடைக்காது. கிடைக்கிற 18 போதும். 100 கிலோமீற்றருக்கு 11 லீட்டர் குடித்த இடத்தில் இப்போது ஐந்தரை லீட்டர். டீசல் சற்று மலிவு என்பதால் பணத்தில் சரிபாதி மிச்சம் என்று சொல்ல முடியாது, ஆனால் பாதிக்குக் கிட்ட வரும்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. லீட்டருக்கு 14 ஓடுகிற சின்னக் கார் வைத்திருப்பவர் 18 ஓடுகிற ஹைபிரிட்டுக்குப் போனால் 100 கிலோமீற்றருக்கு ஒன்றரை லீட்டர்தான் மிச்சம். அதனால் ஓல்ட்டோ வைத்திருக்கும் தம்பிமார் லீசிங் போட்டு ஹைபிரிட் பக்கம் ஓட வேண்டாம், மிச்சப்படுவதைவிட வட்டி கூட வரும். லாபம் அதிகம் எங்களைப் போல் பெரிய வண்டியை வெறுமனே ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்குத்தான்.

"ஹைபிரிட் மலைக்கு ஆகாது" என்ற பேச்சுக்கு வருகிறேன். ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பது கெப்பைவிட எவ்வளவோ சுலபம், ஏனென்றால் மின்மோட்டாரின் இழுவை நின்ற இடத்திலிருந்தே கிடைக்கும். கினிகத்தேனை வளைவுகளில் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று நின்று ஏறும்போது கிளச் மிதித்துக் கால் கடுத்த தொல்லை இப்போது இல்லை. நீண்ட ஏற்றம் வேறு விஷயம். பேட்டரியில் இருப்பது இறங்கிவிடும், பிறகு பாரம் முழுக்க 74 குதிரைவலு இஞ்சின் தலையில். சத்தம் போட்டுக்கொண்டு ஏறும். நாலு பேரும் சாமானும் ஏறினால் முந்துகிற எண்ணத்தை விட்டுவிட வேண்டும்.

இறக்கத்தைப் பற்றித்தான் நிறையப் பேர் தவறாக நினைத்திருக்கிறார்கள். இறங்கும்போது பேட்டரி சார்ஜ் ஆகும், உண்மை. ஆனால் நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, கண்டி 500 மீற்றர் அளவில். லபுக்கலை, ரம்பொடை, புசல்லாவை வழியாக 1200 கிலோ வண்டி அவ்வளவும் இறங்கும்போது வெளிவரும் சக்தியைக் கணக்குப் போட்டால் 4 கிலோவாட் மணிக்கு மேல் வரும். அக்வாவின் பேட்டரி ஒரு கிலோவாட் மணிகூட இல்லை. ரம்பொடைக்கு வரும் முன்பே அது நிறைந்துவிடும். அதற்குப் பிறகு சார்ஜ் ஏற இடமில்லை, பிரேக் கட்டைதான் வேலை செய்யும். கியர்ப் பிடியில் பி என்று ஓர் இடம் இருக்கிறதே, அது இதற்காகத்தான். பி யில் போட்டால் இஞ்சினைச் சுற்ற வைத்து வண்டியின் வேகத்தைக் கட்டும். இஞ்சின் திடீரென்று உறுமும், பயப்பட வேண்டாம், அந்த நேரத்தில் பெற்றோல் எரிவதில்லை. மலையில் ஹைபிரிட் ஓட்டுகிற ஒவ்வொருவரும் முதல் நாளே இதைப் பழகிக்கொள்ள வேண்டும். முழு இறக்கத்தையும் பிரேக்கிலேயே இறங்கி, பிரேக் சூடேறி வாசம் வரவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சத்தம் இல்லாமல் ஓடுவதிலும் எனக்கு ஒரு கவலை உண்டு. பனிமூட்டத்தில் கொழுந்துக் கூடையோடு ரோட்டோரம் நடக்கிறவர்கள் வண்டிச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஒதுங்குவார்கள். ஹைபிரிட் மெதுவாகப் போகும்போது சத்தமே கேட்காது. பாடசாலை விடுகிற நேரத்தில் தொழிலாளர்களின் வரிசை வீடுகள் உள்ள லயத்துப் பக்கம் போனால் பகலிலும் விளக்கைப் போட்டு, நடை வேகத்தில் போங்கள்.

வாங்குகிறவர்களுக்கு வேறு பெரிய ஆலோசனை இல்லை. ஸ்கேன் செய்து பேட்டரியைப் பாருங்கள், ஜப்பான் ஏலச் சீட்டில் உள்ள கிலோமீற்றரை வண்டியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். அக்வா பேட்டரியில் 20 துண்டுகள் இருக்கின்றன. கெட்டுப்போன ஒன்றிரண்டை மட்டும் மாற்றிவிட்டு "புதுப் பேட்டரி" என்று விற்பவர்கள் உண்டு. பின் சீட்டுப் பக்கம் காற்று இழுக்கும் துவாரத்தைத் தூசி இல்லாமல் வைத்திருங்கள். நம் குளிர் இந்தப் பேட்டரிக்கு நல்லது, சூடுதான் அதற்கு எதிரி. முழு மின்சாரக் கார் ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு: 150 மெகாவோட் மேல் கொத்மலை மின்நிலையத்துக்கு நம் தலவாக்கலையிலேயே தண்ணீரைத் தேக்குகிறார்கள், ஆனால் தோட்டத்துக்குள் காரை வீட்டு வாசலில் நிறுத்திச் சார்ஜ் போடக்கூடிய குடும்பங்கள் எத்தனை?

இப்போது கெப் போனதில் எனக்கு மனம் கனத்த இடத்தைச் சொல்கிறேன். தோட்டத்துக்குள் ஒருவரிடம் கெப் இருந்தால் அது அவருடையது மட்டும் இல்லை. பிரசவ வலி வந்த பிள்ளையை டிக்கோயா வைத்தியசாலைக்குக் கொண்டுபோனது அதுதான். திருவிழாவுக்கு மேளக்காரர்களை ஏற்றி வந்தது, கூரைத் தகரம் ஏற்றியது, வெளியூரில் இறந்தவரை லயத்துக்குக் கொண்டுவந்ததும் அதுதான். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்பியூலன்ஸைக் கூப்பிட்டால் வருவார்கள், ஆனால் பாதை எங்கே முடிகிறதோ அதுவரைக்கும்தான் எந்த வண்டியும் வரும். விற்கப்போகிறேன் என்றதும் மேல் லயத்து அக்கா ஒருவர், "அப்ப ராத்திரில ஏதாவதுன்னா யாரக் கூப்புடுறது தம்பி?" என்று கேட்டார். என் டீசல் செலவைப் பற்றிய கணக்கு எதிலும் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. அக்வாவிலும் கூட்டிப் போகிறேன், ஆனால் அதன் அடிவயிறு தரையிலிருந்து 140 மில்லிமீற்றர்தான். கொங்கிரீட் முடிகிற இடத்துக்கு மேலே அது ஏறாது. நோயாளியை அதுவரைக்கும் தூக்கி வர வேண்டும்.

அதனால்தான் "எல்லோரும் ஹைபிரிட்டுக்கு மாறுங்கள்" என்று நான் எழுதப் போவதில்லை. மேல் டிவிஷனில் இருப்பவர் இன்னும் பழைய கெப்பைக் கட்டி இழுக்கிறார் என்றால் அவருக்கு வேறு வழி இல்லை. அவரிடம் எரிபொருள் சிக்கனம், சூழல் என்று பாடம் நடத்துவது எனக்குப் பிடிக்கவில்லை. கேட்க வேண்டியவர்களைக் கேட்போம். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் 33 ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. சபையின் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட அது பெரிய தடையாக இருந்தது. நாங்கள் வாக்குப் போடலாம், உறுப்பினரைத் தெரிவு செய்யலாம், ஆனால் பாதை என்று போனால் "அது தோட்டத்துப் பாதை" என்பார்கள். தோட்டத்தில் கேட்டால், 1992 க்குப் பிறகு நிர்வாகம் கம்பனியிடம், நிலம் அரசாங்கத்துடையது என்று இன்னொரு கதை. 2018 இல் அந்தச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். ஆகவே தோட்டத்துக்குள் வேலை செய்யச் சட்டம் இடம் தரவில்லை என்று இனி எந்தச் சபையும் சொல்ல முடியாது. அப்படி யாராவது சொன்னால் 2018 திருத்தத்தை எடுத்துக் காட்டுங்கள்.

கெப் இருந்தால் போதும், பாதை எப்படியும் இருக்கட்டும் என்பவர்கள் 2025 நவம்பர் கடைசியை நினைத்துப் பாருங்கள். டித்வா புயல் மழையில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண் சரிந்து பாதைகள் அறுந்து கிடந்தபோது நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியால்கூட எதுவும் செய்ய முடியவில்லை. வடிகான் இல்லாமல், மதகு இல்லாமல் கிடந்த தோட்டப் பாதைகளில் தண்ணீர் தன் வழியைத் தானே வெட்டிக்கொண்டது.

எங்கள் பாதையில் கொங்கிரீட் முடிகிற இடத்திலிருந்து மேல் லயம் வரைக்கும் மிச்சத்தைப் போட்டு, உடைந்த இரண்டு மதகையும் கட்டித் தரும்படி பிரதேச சபைக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் ஒரே மனுவாகக் கொடுக்கப் போகிறோம். கையெழுத்துத் தாள் என் கடையில் இருக்கிறது. வர முடியாதவர்கள் பெயரையும் டிவிஷனையும் உள்பெட்டியில் அனுப்புங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் உங்கள் பாதைக்குத் தனி மனு எழுத வேண்டும் என்றால் நான் எழுதித் தருகிறேன். பாதையின் படம் ஒன்றும் சேர்த்து அனுப்புங்கள், மழை பெய்த மறுநாள் எடுத்ததாக இருந்தால் நல்லது.