கூட்டத்தைப் பார்த்த கேமரா

பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே பிரெசோன் என்றாலே, ‘சரியான நொடியில் கிளிக் பண்ணுவாரே, அவர்தானே?’ என்று கேட்டு அதோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அவரிடம் பிடித்தது வேறு. ஊரே ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவர் அந்த ஊரைப் பார்த்தார்.

1937 மே மாதம் லண்டனில் ஆறாம் ஜார்ஜுக்கு முடிசூட்டு விழா. பாரிஸ் பத்திரிகை ஒன்றுக்காகப் போனவர், ராஜாவை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தவர்களை எடுத்தார். அதில் ஒரு படத்தை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. ட்ரஃபால்கர் சதுக்கத்தில் மதில் மேல் ஜனங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே, கசங்கிய செய்தித்தாள் குவியலில் ஒருவர் அசந்து தூங்குகிறார். ராத்திரியே வந்து இடம் பிடித்திருப்பார் போல, பாவம்.

1948 ஜனவரி 30 அன்று பிரெசோன் காந்தியைச் சந்தித்துவிட்டு வந்த சிறிது நேரத்தில் காந்தி சுடப்பட்டார். பிர்லா மாளிகை வாசலில் நேரு சேதி சொல்லும் படம் பலருக்குத் தெரியும். இறுதி ஊர்வலத்துக்குத் திரண்டவர்களின் முகங்கள்தான் என்னைப் பிசைகின்றன. அதே ஆண்டு டிசம்பரில் ஷாங்காய். பணம் மதிப்பிழந்துபோக, தங்கம் வாங்க நெரிகிற கூட்டம். எந்தக் கை யாருடையது என்றே தெரியாது.

1950 ஏப்ரலில் நம் பக்கம் வந்தார். ரமணர் மறைந்த இரவில் திருவண்ணாமலையில் இருந்தார். அப்புறம் பாண்டி. இங்கே அப்போது பிரெஞ்சு ஆட்சி. பல ஆண்டுகளாகப் படமெடுக்க அனுமதி தராத அரவிந்தரை, ஏப்ரல் 24 தரிசன நாளில் அன்னையோடு எடுத்தார். அந்த டிசம்பரிலேயே அரவிந்தர் மறைந்துவிட்டார்.

பிரெசோன் கையில் சின்ன லைக்கா கேமரா, பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ். ஃபிளாஷ் போடமாட்டார். கேமராவின் பளபளப்பு யார் கண்ணிலும் படக்கூடாது என்று கறுப்பு டேப் ஒட்டிவிடுவார்.

இன்று பாண்டி ஒயிட் டவுனில் மஞ்சள் சுவர் முன்னால் போஸ் கொடுக்க க்யூ நிற்கிறது. கல்யாண ஜோடிகளைக் குறை சொல்லவில்லை, அது அவர்கள் சந்தோஷம். புகைப்படம் கற்கிற நம்மூர்ப் பிள்ளைகளும் அதே சுவரையே எடுப்பதுதான் வருத்தம். பெரிய மார்க்கெட்டில் மீன்காரம்மாக்கள் பேரம் பேசும் முகங்கள் இருக்கின்றன. சண்டே மார்க்கெட்டில் சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறவர் இருக்கிறார். வைத்திக்குப்பம் மாசிமகத்தில் எல்லாக் கேமராவும் சாமி பக்கமே இருக்கிறது. அடுத்த மாசிமகத்துக்குப் போகிற பிள்ளைகள், சாமியை ஒரு படம் எடுத்ததும் திரும்பி நின்று கூட்டத்தை எடுங்கள். எடுத்ததைக் கீழே கமெண்டில் போடுங்கள், ஒவ்வொன்றாகப் பார்க்க ஆசை.