சூரியனா, சூலிஸா: ஓர் எழுத்து வழக்கு

இங்கிலாந்தின் பாத் நகருக்கு ரோமானியர் காலத்துப் பெயர் 'அக்வாய் சூலிஸ்'. இதைச் 'சூலிஸின் நீர்கள்' என்று தமிழில் எழுதினால் எனக்கு உறுத்தும். லத்தீனில் 'அக்வா' என்றால் தண்ணீர். அதுவே 'அக்வாய்' என்று பன்மையானால் நோய் தீர்க்கும் ஊற்று, அந்த ஊற்றை நம்பி எழுந்த ஊர் என்று பொருள் விரியும். 'சூலிஸ் ஊற்று' என்றாலே போதும், ஊர்ப்பெயராகவும் ஒலிக்கும்.

ஊர்ப்பெயர் எழுவாயாக மட்டும் வாழ்வதில்லை. ஊரில் இருக்கிறோம், ஊரிலிருந்து வருகிறோம். அந்தோனினுஸ் பெயரில் வழங்கும் ரோமானியச் சாலைப் பட்டியலில் அக்வாய் இல்லை, 'அக்வீஸ்' என்றுதான் இருக்கிறது. ஏறக்குறைய 'ஊற்றில்' என்பது போல. பிரான்சில் கி.மு. 122-இல் ரோமானியத் தளபதி செக்ஸ்டியுஸ் கால்வினுஸ் நிறுவிய 'அக்வாய் செக்ஸ்டியாய்' இன்று 'எக்ஸ்' என்று தேய்ந்து நிற்பதும் இந்த அக்வீஸிலிருந்துதான். பெயர் தேய்ந்தாலும் வேற்றுமை உருபு மிஞ்சியிருக்கிறது!

அதே பட்டியலின் ஏட்டுப் பிரதிகளில் பாத் 'அக்வீஸ் சோலிஸ்' என்றிருக்கிறது. சோல் என்றால் சூரியன், ஆறாம் வேற்றுமையில் சோலிஸ். கொதிக்கக் கொதிக்க 46 பாகை வெந்நீர் வரும் இடம், சூரிய ஊற்று என்றால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? இலக்கணமும் குறுக்கே நிற்கவில்லை. அறிஞர்களே நெடுங்காலம் அப்படி எழுதினார்கள்.

ஆனால் தீர்ப்பு பாத்திலேயே கிடைத்த ஒரு பலிபீடக் கல்லில் இருந்தது. அவுஃபிடியுஸ் மாக்சிமுஸ் என்ற படைத்தலைவரின் நலம் வேண்டி, அவர் விடுதலை செய்த அடிமை நட்ட கல் அது. அதன் தொடக்கம் 'தெயாய் சூலி'. நான்காம் வேற்றுமை: தேவி சூலிஸுக்கு. லத்தீனில் சூரியன் ஆண், கல்லிலோ பெண்தெய்வம். எழுத்தும் 'சூ', 'சோ' அல்ல. இலக்கணத்தை வெறும் மனப்பாடச் சுமை என்பவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்த இரண்டு சொற்களைத்தான்.

சூலிஸ் லத்தீன் சொல்லே அல்ல, ரோமானியர் வருமுன்பே அங்கிருந்த கெல்டிய மக்களின் தெய்வம். ரோமானியர் அவளைத் தங்கள் அறிவுத் தேவி மினர்வாவோடு சேர்த்து வணங்கினார்கள். பழைய ஐரிஷில் 'சூல்' என்றால் கண். சூரியனைக் குறித்த பழைய வேரிலிருந்தே அது வந்தது என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. வாசல் வழியே அனுப்பிய சூரியன் கொல்லை வழியே வருகிறான்!

பொருளைப் பறிகொடுத்தவர்கள் தேவியிடம் முறையிட்டு எழுதி அந்த ஊற்றில் போட்ட ஈயத் தகடுகளில் ஒன்று தோகிமேதிஸ் என்பவருடையது. இரண்டு கையுறைகள் களவு போய்விட்டன. எடுத்தவன் தேவியின் கோயிலிலேயே புத்தியையும் கண்களையும் இழக்க வேண்டும் என்று கேட்கிறார்.