படத்தை உதிர்த்துவிட்டுச் சேமித்தால் அது எந்தக் கட்டுரை?

பிறகு படிக்கலாம் என்று இணையக் கட்டுரைகளை மின்வாசிப்பானுக்கு அனுப்பிவைக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். வெறும் எழுத்தாக இருக்கும் கட்டுரை ஒழுங்காக வந்து சேர்ந்துவிடுகிறது. படங்களோடு எழுதப்பட்டதுதான் பாடாய்ப் படுத்துகிறது. கடிகாரத்துக்குள் பற்சக்கரங்கள் எப்படி இயங்குகின்றன என்று ஒருவர் மெனக்கெட்டு வரைந்து விளக்கியிருப்பார். "கீழே உள்ள படத்தைப் பாருங்கள்" என்ற வரி வரும். கீழே அடுத்த பத்தி இருக்கும்.

இது ஏதோ தற்செயலான கோளாறு அல்ல. படம் என்பது அலங்காரம், எழுத்துதான் சரக்கு என்ற எண்ணத்தில்தான் கட்டுரைகளைச் சேமித்துத் தரும் கருவிகளில் பெரும்பாலானவை கட்டப்பட்டிருக்கின்றன. பக்கத்தில் உள்ள மற்றதையெல்லாம் மறைத்துக் கட்டுரையை மட்டும் காட்டும் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் வாசிப்பு முறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருப்பது ரீடபிலிட்டி என்ற நிரல். 2009இல் ஆர்க்90 நிறுவனம் வெளியிட்டதன் வழிவந்தது. பக்கத்தில் எது கட்டுரை, எது விளம்பரம் என்று பிரிக்க அது மதிப்பெண் போடுகிறது. பத்தி நீளமாக இருந்தால் மதிப்பெண். காற்புள்ளிகள் நிறைய இருந்தால் இன்னும் மதிப்பெண். (காற்புள்ளியை வாரி இறைப்பவர்களுக்கு உலகில் ஓரிடத்திலாவது மரியாதை கிடைக்கிறதே!) படத்தில் காற்புள்ளி ஏது? பத்திகள் குறைவாகவும் படங்கள் மிகுதியாகவும் உள்ள பகுதியைக் கண்டால் அதைக் குப்பை என்று முடிவுகட்டி நீக்கிவிடவும் கூடும். விளம்பரக் குவியலுக்கு அது சரிதான். படிப்படியாக வரைந்து காட்டும் ஒரு விளக்கக் கட்டுரைக்கு அது அநியாயம்.

அடுத்தது, படங்கள் தாமதமாக ஏறும் ஏற்பாடு. பக்கம் விரைவாகத் திறக்க வேண்டும் என்பதற்காகப் பல தளங்கள் முதலில் ஒரு வெற்றுப் படத்தை வைத்துவிட்டு, நாம் கீழே நகர்த்தி அந்த இடத்துக்குப் போகும்போதுதான் உண்மையான படத்தைக் கொண்டுவருகின்றன. சேமிக்கும் கருவி அவசரக்காரனாக இருந்தால் அந்த வெற்றுப் படத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். இணையத்துக்கென உருவான வெப்பி (WebP) வகைப் படங்கள் இன்னொரு தொல்லை. மின்னூல்களுக்கான இபப் (EPUB) தரநிலையின் அடிப்படைப் பட வகைகளில் அது இடம்பெற்றதே 2023இல் வந்த 3.3 பதிப்பில்தான். பழைய கருவிகள் அதைக் கண்டுகொள்ளாமல் விடுவதில் வியப்பில்லை.

"பிடிஎஃப் ஆக மாற்றிவிட்டால் என்ன?" என்று எப்போதும் ஒருவர் கேட்பார். படம் தப்பிக்கும், நம் கண்தான் தப்பாது. ஏ4 தாளுக்கு அமைத்த பக்கத்தை ஆறு அங்குலத் திரையில் படிப்பது சாவித்துவாரம் வழியாகத் திருமணம் பார்ப்பதுபோல.

நான் கடைப்பிடிக்கும் முறை சற்று மெதுவானது. கட்டுரையைக் கணினியில் திறந்து, எல்லாப் படங்களும் ஏறும்வரை அடிவரை நகர்த்துகிறேன். பிறகு சிங்கிள்ஃபைல் என்ற உலாவி நீட்சி. படங்களையும் உள்ளேயே பொதிந்து ஒரே கோப்பாகச் சேமித்துத் தரும். அதைக் காலிபர் என்ற மின்னூல் மென்பொருளில் இபப் ஆக்கி, படங்கள் இருக்கின்றனவா என்று ஒரு புரட்டு புரட்டிய பிறகே மின்வாசிப்பானுக்கு அனுப்புகிறேன். ஒரு பொத்தானை அழுத்தி முடிக்கும் வேலைக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். இந்தப் பாடு இருப்பதால்தான் உண்மையிலேயே படிக்க விரும்புவதை மட்டும் சேமிக்கிறேன்.

கோப்பு என் கையில் இருக்கிறது என்பதும் சின்ன விஷயம் அல்ல. 2007இல் தொடங்கி, 2017இல் மொசில்லா வாங்கிய, கட்டுரைகளைப் பிறகு படிக்கச் சேர்த்துவைக்கும் பாக்கெட் சேவை 2025 ஜூலையில் மூடப்பட்டது. தரவை ஏற்றுமதி செய்துகொள்ள அவகாசம் தந்தார்கள், உண்மைதான். ஆனால் கிடைத்தது இணைப்புகளின் பட்டியல். கட்டுரைகளின் வாசகம் அதில் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஆம்னிவோர் என்ற அதே வகைச் சேவையும் இதேபோல் கடையைக் கட்டியது. இணைப்பைச் சேர்த்துவைப்பதைச் சேமிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இத்தனைக்குப் பிறகும் சில கட்டுரைகள் மின்வாசிப்பானுக்கு ஒத்துவராது. வழக்கமான மின்மை (E Ink) திரை காட்டுவது 16 சாம்பல் நிலைகள். ஒரு வரைபடத்தின் சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் அதில் கிட்டத்தட்ட ஒரே நிறமாகிவிடக்கூடும். எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று தெரியாது. வண்ணத் திரை வாங்கலாமே என்றால், கலைடோ 3 வகையில் கறுப்பு வெள்ளைக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள், வண்ணத்துக்கு 150தான். நிலப்படத்தில் பொடி எழுத்தில் உள்ள வண்ணக் குறிப்புகளைப் படிக்க அது போதவில்லை. நிறத்தை நம்பி எழுதப்பட்ட கட்டுரைகளை நான் அனுப்புவதே இல்லை. அவற்றைக் கணினித் திரையிலேயே உட்கார்ந்து படித்துவிடுகிறேன்.