ஆங்கில வகுப்பு விசாவில் பிரிட்டனில் வேலை பார்க்க முடியாது

‘பிரிட்டனில் ஆங்கில வகுப்பில் சேர்ந்தால் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம், அப்புறம் அங்கேயே மாணவர் விசாவுக்கு மாறலாம்’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

ஆறு மாதம் வரையிலான வகுப்புக்கு விசிட்டர் விசா போதும். பள்ளி மட்டும் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். அதற்கு மேல் 11 மாதம் வரை என்றால் குறுகிய காலப் படிப்பு விசா. இதில் சம்பளமில்லாத பயிற்சி வேலைக்குக்கூட அனுமதி இல்லை. மாணவர் விசா வேண்டுமானால் ஊருக்குத் திரும்பித்தான் விண்ணப்பிக்க வேண்டும். அந்த 20 மணி நேரம் பட்டப்படிப்புக்கு மாணவர் விசாவில் போகிறவர்களுக்கானது. வேலை பார்த்துக் கடனை அடைக்கலாம் என நம்பி, தயவுசெய்து நகையை அடகு வைக்காதீர்கள்.