கொச்சியில் ஒரே ஒரு பகல் கிடைத்தால்

சித்தி மகள் நேற்று ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாள். ஈரோட்டில் இரவு ரயில் ஏறிக் காலையில் எர்ணாகுளத்தில் இறங்குகிறார்கள், அன்றிரவே திரும்புகிறார்கள். அந்த ஒரு பகலுக்குள் ஒன்பது இடங்கள்: மரைன் டிரைவ், படகுச் சவாரி, மால், போல்காட்டி அரண்மனை, சீன வலைகள், தேவாலயம், மட்டாஞ்சேரி அரண்மனை, யூதர் தெரு, செராய் கடற்கரை. "எதையெல்லாம் விடலாம், சொல்லுங்கள் அக்கா" என்று கேட்டிருந்தாள். பதில் எழுதத் தொடங்கினேன், நீண்டுகொண்டே போனது. கொச்சிக்குப் போகும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

எர்ணாகுளம் கரையை முழுவதுமாக விட்டுவிடு. மால் நம் பக்கத்திலேயே இருக்கிறது. மரைன் டிரைவில் நடப்பது சுகம்தான், ஆனால் அது மாலையில் வேலை முடிந்து காற்று வாங்க வரும் ஊர்க்காரர்களுக்கான இடம். ஒலிபெருக்கி அலறும் சுற்றுலாப் படகுக்குக் கொடுக்கும் பணம் வீண். கடலில் கால் நனைக்கப் பிள்ளைகள் அடம்பிடித்தால் செராயை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள். நீருக்கு அக்கரையில் உள்ள பழைய ஊரான கோட்டைக் கொச்சியின் கடற்கரையை நம்பிப் போகாதே, மழைக்காலம் முடிந்த மாதங்களில் கரையெல்லாம் ஆகாயத்தாமரை ஒதுங்கிக் கிடக்கும்.

இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் தடவை நான் போனது வேன் ஏற்பாடு செய்து தரும் ஒருவரை நம்பி. ஒரு நாளில் எட்டு இடம் என்று பேச்சு. மட்டாஞ்சேரியில் இருபது நிமிடம் கொடுத்தார். அதில் பதினைந்து நிமிடம் அவரே கூட்டிப்போன மசாலாக் கடையில் போயிற்று. அரண்மனை வாசலுக்கு ஓடினால் கதவு பூட்டியிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை அரண்மனைக்கு விடுமுறை என்பது தினமும் அங்கே வண்டி ஓட்டிவருபவருக்குத் தெரியாமல் இருக்குமா? இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

சென்ற ஆண்டு அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். அம்மாவுக்கு மூட்டுவலி, அதனால் மூன்றே மூன்று இடம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டோம். ஹைகோர்ட் படகுத்துறையில் வாட்டர் மெட்ரோ ஏறினோம். 2023இல் தொடங்கிய சேவை, படகுகள் கொச்சிக் கப்பல் கட்டும் தளத்திலேயே கட்டப்பட்டவை. துறையின் மேடையே தண்ணீரில் மிதப்பதால் நீர்மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் படகின் தளமும் மேடையும் ஒரே மட்டத்தில் இருக்கும். அம்மா என் கையைப் பிடிக்காமல், வீட்டு வாசற்படி தாண்டுவது போல உள்ளே போனார். சுமார் இருபது நிமிடத்தில் கோட்டைக் கொச்சி. வழியில் துறைமுகம், கப்பல்கள், வைப்பின் என்ற தீவின் கரை எல்லாமே கண்ணில் படுகின்றன. தனியாக ஒரு படகுச் சவாரி எதற்கு?

இறங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே சீன வலைகள். படம் எடுத்துக்கொண்டு ஓடிவிடாமல் ஒரு வலை இறங்கி ஏறும்வரை நின்று பார். ஒருவர் மரத்தின் மேல் நடந்தால் வலை சாய்ந்து நீருக்குள் போகும். பிறகு ஐந்தாறு பேர் கயிறு பிடித்து இழுக்க, எதிர்ப்பாரமாகக் கட்டியிருக்கும் பெரிய கற்கள் ஒவ்வொன்றாக இறங்கும். அவ்வளவு பெரிய வலையில் சில சமயம் ஒரு கைப்பிடி மீன்தான் வரும். கயிறு பிடிக்க உன்னையும் கூப்பிடுவார்கள், பிறகு பணம் கேட்பார்கள். முகம் சுளிக்காமல் கொடு. மீன் வரத்துக் குறைந்துபோன பிறகும் அந்த வலைகளை அவர்கள் கட்டிக் காப்பாற்றுவதால்தான் நமக்குப் பார்க்கக் கிடைக்கிறது.

பாதி நாளை மட்டாஞ்சேரி அரண்மனைக்குக் கொடு. ஊரார் டச்சு அரண்மனை என்பார்கள். 1555 வாக்கில் கொச்சி அரசருக்காக அதைக் கட்டியவர்கள் போர்த்துக்கீசியர்கள், டச்சுக்காரர்கள் பின்னால் செப்பனிட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளைச் சுவரும் ஓட்டுக்கூரையுமாக ஒரு பெரிய வீடு போலத்தான் இருக்கும். நடுமுற்றத்தில் பகவதி கோயில். மேலே பள்ளியறைக்குள் போனதும் அம்மா அப்படியே நின்றுவிட்டார். சுவர் முழுக்க ராமாயணம். தசரதனின் வேள்வியில் தொடங்கி ராமன் அயோத்தி திரும்பும்வரை, சிவப்பும் காவியும் பச்சையுமாக, விரல் வைக்க இடமில்லாத நெருக்கத்தில் உருவங்கள். உள்ளே நாங்கள் படம் எடுக்கவில்லை, அதுவே ஒரு நன்மை. கதை தெரிந்த அம்மா ஒவ்வொரு காட்சியாகச் சுவரோடு நகர்ந்து எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். மூட்டுவலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

1568இல் கட்டிய யூத வழிபாட்டுக் கூடம் பக்கத்திலேயே இருக்கிறது. தரையில் பதித்த நீலமும் வெள்ளையுமான சீன ஓடுகள் அழகானவை. நேரம் இருந்தால் பார், அதற்காக அரண்மனையில் அவசரப்படாதே.

மூன்றாவது இடம் உன் பட்டியலிலேயே இல்லை. கோட்டைக் கொச்சியில் வெளி என்ற பகுதியில் உள்ள தோபி கானா. டச்சுப் படையினரின் துணிகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே துணி வெளுக்கிறார்கள். இன்றும் தமிழ் பேசுகிறார்கள். வரிசையாகத் துவைக்கும் தொட்டிகள், அதற்கப்பால் வெயிலில் வெள்ளை வெள்ளையாகத் துணிகள். அம்மாவின் கண் கொடிக்குப் போனது. தேங்காய் நார்க் கயிறு இரண்டை முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள், அந்த முறுக்குக்குள் துணியின் நுனியைச் செருகிவிடுகிறார்கள். ஒரு கிளிப்கூட இல்லை.

"காற்றடித்தால் பறந்துவிடாதா?" என்று கேட்டார் அம்மா.

"நீங்களே இழுத்துப் பாருங்கள் அம்மா" என்றார் அங்கிருந்த பெரியவர்.

அம்மா இழுத்தார். வரவில்லை. பிறகு இருவரும் கஞ்சி போடுவது பற்றியும் கரி போட்ட இஸ்திரிப் பெட்டியின் கனம் பற்றியும் அரைமணி நேரம் பேசினார்கள், நான் நிழலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பிழைப்புக்காக வந்து, தலைமுறை தலைமுறையாகத் தங்கள் மொழியை விடாமல் வைத்திருப்பவர்களை எட்டிக்கூடப் பார்க்காமல் நாம் மாலுக்குப் போகிறோமே என்று எனக்கு மனம் கனத்தது. அவர்கள் வேலை செய்யும் இடம் அது. கேட்டுவிட்டு உள்ளே போ, கேட்டுவிட்டுப் படம் எடு.

நாள் மட்டும் பார்த்து வைத்துக்கொள். வெள்ளி அரண்மனை கிடையாது, சனி யூதக் கூடம் கிடையாது, ஞாயிறு கூட்டம் தாங்காது. திங்களுக்கும் வியாழனுக்கும் இடையில் மாப்பிள்ளைக்கு ஒரு நாள் விடுப்புக் கிடைக்குமா என்று கேட்டுச் சொல். என் அம்மாவும், அதுதான் உன் பெரியம்மாவும், உங்களோடு வருகிறேன் என்கிறார், அந்தப் பெரியவரைப் பார்க்க.