அன்று சொன்னது தப்பு என்று சொல்லியிருக்கலாம்

2020 மார்ச் முதல் வாரம். எங்கள் மெடிக்கலுக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கும் பெரியவர் வந்து மாஸ்க் கேட்டார். "இருமல், காய்ச்சல் உள்ளவங்களுக்குத்தான் ஐயா அது, உங்களுக்கு வேணாம்" என்று திருப்பி அனுப்பினேன். நானாகச் சொன்னதில்லை, உலக சுகாதார நிறுவனமும் நம் அரசும் அப்போது சொன்னது அதுதான். அதே மாதம் 25ஆம் தேதி தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் நம் மதுரை ராஜாஜி மருத்துவமனையிலேயே நடந்தது. ஏப்ரலில் எல்லோரும் துணி மாஸ்க் போடுங்கள் என்றார்கள். ஜூன் 24இல் மதுரைக்கு மறுபடியும் முழு ஊரடங்கு வந்த சமயம், அதே பெரியவர் ரவிக்கைத் துணியில் தைத்த மாஸ்க்குகளை நூலில் கோத்துக் கொண்டுவந்தார், விற்றுத் தரச் சொல்லி. "அன்னிக்கு வேணாம்னு திருப்பி அனுப்புனியேப்பா?" என்றார். "அது அப்போ, இது இப்போ" என்று சொல்லிவிட்டு பில் போடத் திரும்பிக்கொண்டேன். அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது.

நோய் புதுசு. தெரிந்ததை வைத்துச் சொன்னார்கள், அப்புறம் மாறியது. அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். மாறியபோது ஏன் மாறியது என்று சொல்லாமலே அடுத்த அறிவிப்புக்குத் தாவியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மாஸ்க் வேண்டாம் என்றதற்கு ஒரு காரணம், டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் பற்றாமல் போய்விடும் என்ற பயம். அதை அப்படியே சொல்லியிருந்தால் என்ன? முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்ள நம் ஊரில் யாருக்குச் சொல்லித்தர வேண்டும்?

மார்ச் 28 அன்று, கொரோனா காற்றில் பரவாது, இதுதான் உண்மை என்று உலக சுகாதார நிறுவனம் ட்விட்டரில் அடித்துச் சொன்னது. அதை நம்பி நாங்கள் செய்ததைக் கேளுங்கள். பால் பாக்கெட்டை சோப்புப் போட்டுக் கழுவினோம். வெண்டைக்காயை மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரில் ஊறவைத்தோம். கடை மேசைக்கு முன்னால் பிளாஸ்டிக் ஷீட்டைத் தொங்கவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கி, புழுக்கத்தில் நானும் கடைப் பையன்கள் இரண்டு பேரும் நாள் முழுக்க ஒரே காற்றைச் சுவாசித்துக்கொண்டு நின்றோம். பின்பக்கச் சன்னலைத் திறந்து வைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. 'காற்றில் பரவும்' என்று அந்த நிறுவனம் தயங்காமல் எழுத 2021 டிசம்பர் ஆனது. அங்கே தலைமை விஞ்ஞானியாக இருந்த நம் சௌமியா சுவாமிநாதன், 2022 நவம்பரில் விலகும் நேரத்தில், இதை எவ்வளவோ முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். எனக்கு அவர் மேல் மரியாதை கூடத்தான் செய்தது.

தப்பை ஒத்துக்கொண்டால் ஜனங்கள் நம்ப மாட்டார்கள் என்று அதிகாரத்தில் இருப்பவர்கள் பயப்படுகிறார்கள். 2020 ஜூலை 22 அன்று, சென்னையில் கணக்கில் விடுபட்டுப்போன 444 கொரோனா மரணங்களைத் தமிழக அரசே அறிவித்துப் பட்டியலில் சேர்த்தது. அந்த எண்ணைப் பார்த்தபோது வயிறு கலங்கியது உண்மைதான். ஆனாலும் சாயங்கால அறிக்கையை நான் நம்பிப் படிக்க ஆரம்பித்தது அதற்கு அப்புறம்தான்.

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் என் பெரியம்மா இருக்கிறார். 2021 ஏப்ரலில் கோவிஷீல்டு முதல் ஊசி போட்டுக்கொண்டார். ஆறு வாரம் கழித்து இரண்டாவதுக்குப் போனால், இடைவெளியைக் கூட்டிவிட்டார்கள், 84 நாள் ஆக வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஸ்டாக் இல்லை, அதை மறைக்கத்தான் நாளைத் தள்ளுகிறார்கள் என்று தெருவெல்லாம் பேச்சு. இனிமேல் ஊசியே வேண்டாம் என்று பெரியம்மா உட்கார்ந்துவிட்டார். அந்த ஊர் நர்ஸம்மா வீடு தேடி வந்தார், நானும் அன்று அங்கே இருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "ஆறு வாரம்னு உங்ககிட்ட சொன்னது நான்தாம்மா. அப்ப எங்களுக்குச் சொன்னது அது. இப்ப வெளிநாட்டுல பார்த்ததுல, தள்ளிப் போட்டா நல்லா வேலை செய்யுதுன்னு சொல்றாங்க. ஊசியும் நமக்குப் பத்தலதான், அதையும் மறைக்கல. இதுவும் மாறுச்சுன்னா நானே வந்து சொல்றேன்."

பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய், சுவரில் மாட்டியிருந்த காலண்டரை எடுத்து வந்து நர்ஸம்மாவிடமே நீட்டினார். அவர் ஜூன் கடைசியில் ஒரு தேதியைச் சுழித்துக் கொடுத்தார். அந்த நாள் காலையில் நான் பைக்கில் போய்ச் சேர்வதற்குள் பெரியம்மா கிளம்பி பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தார். கூடவே அதே தெருவிலிருந்து நாலு பேர்.